தோள்சீலையும் பள்ளிக்கூடமும்

ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால் நாகர்கோயில் கடைத்தெருவில் நடக்க இடம் இராது. யூனிபாரம் துணி விற்கிறவர்களுக்கும் தையற்காரர்களுக்கும் அதுதான் தீபாவளி. துணியோடு கூடப் பெற்றோர் கைக்கு ஒரு சிறு புத்தகமும் வந்து சேரும். பள்ளிக்கூடத்துச் சட்டதிட்டங்கள் அதில் இருக்கும். முழுவதும் படிக்கிறவர்கள் அபூர்வம். எனக்கோ, அச்சில் வந்த எதையும் படித்துத் தீர்க்கும் பழக்கம். தெரிந்தவர் வீட்டுக் குழந்தைகளின் கையேடுகள் நாலைந்தை வரி விடாமல் படித்திருக்கிறேன். கைபேசி கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும். ஆண் பிள்ளைகள் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும். சட்டைக்கு மேல் கோட்டோ, இரு தோளிலும் ஊசி குத்திய துப்பட்டாவோ அவசியம் வேண்டும். கையில் வர்ணக் கயிறு கூடாது. பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்ல வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை நியாயமான விதிகள்தாம். ஆனால் துப்பட்டாவைப் பற்றிய வரியைப் படித்தபோது என் கண் அங்கேயே நின்றுவிட்டது. இருநூறு வருஷங்களுக்கு முன்னால் இதே மண்ணில் தோளில் ஒரு துணி போட்டுக்கொண்டதற்காகப் பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள். பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. இன்று அதே தோளில் துணி இல்லாவிட்டால் பெண்ணை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள். துணிக்கு வாய் இருந்தால் என்ன சொல்லுமோ!

அந்தப் பழைய கதையை நம் ஊர்க்காரர்களிலேயே பலர் பாதிதான் அறிந்திருக்கிறார்கள்.

அப்போது இது திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தெற்கு மூலை. நாஞ்சில் நாடு என்று கண்டிப்பாகச் சொன்னால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்கள்தாம். கல்குளமும் விளவங்கோடும் அதற்கு மேற்கே. ஆனால் நான் சொல்லப்போகும் விஷயத்தில் நாலு தாலுகாவுக்கும் ஒரே சட்டம். எழுதாத சட்டம். சாமுவேல் மெட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட தம் புத்தகத்தில் நாடார்களுக்கு விலக்கப்பட்டவை என்று ஒரு ஜாபிதா தருகிறார். குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து எடுத்துவரக் கூடாது. ஒரு தட்டுக்கு மேல் வீடு கட்டக் கூடாது. பசுவைக் கறக்கக் கூடாது. நாட்டார் பேசுகிற சாதாரண பாஷையைக்கூட அப்படியே பேசக் கூடாது. ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அடியேன்’ என்று சொல்ல வேண்டும். மேலுக்குத் துணி போடக் கூடாது என்பது இந்த வரிசையில் ஒன்று.

அதுவும் ஒருவகையில் கையேடுதான். உடையும் நடையும் பேச்சும் அதில் வரையறுக்கப்பட்டிருந்தன. மீறினால் வாத்தியாரின் பிரம்புக்குப் பதில் ஊராரின் தடி. நாடார்களுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த புலையருக்கும் பறையருக்கும் நிலைமை இன்னும் கேடு. அவர்களில் பலர் சட்டப்படி அடிமைகள். திருவிதாங்கூரில் அடிமைத்தனம் ஒழிந்தது 1855-இல்தான். மேலே இருந்தவர்களுக்கும் இந்த ஏணியிலிருந்து விடுதலை இல்லை. நாயர் பெண்களும் தங்களுக்கு மேலானவர் என்று கருதப்பட்டவர் முன்னிலையில் மேல்துணியை விலக்க வேண்டியிருந்தது. யாருக்கு எதிரில் யார் மார்பை மறைக்கலாம் என்பதுதான் கணக்கு. வெயிலுக்கும் மழைக்கும் இதில் சம்பந்தம் இல்லை. ‘அந்தக் காலத்தில் வெக்கை அதிகம், அதனால் யாரும் மேல் துணி போடவில்லை’ என்று சமாதானம் சொல்லும் கனவான்களை நான் சந்தித்திருக்கிறேன். வெக்கை காரணமானால் அதற்கு ராணி பிரகடனம் எதற்கு?

பள்ளிக்கூடம் இந்தக் கதைக்குள் எப்படி வந்தது என்று பார்ப்போம். அகஸ்தீஸ்வரம் தாலுகாவில் மயிலாடி என்ற ஊர் இருக்கிறது. கல்லில் சிற்பம் செதுக்குகிறவர்களால் பிரசித்தி பெற்ற ஊர். அங்கே வேதமாணிக்கம் என்று ஒருவர். கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, கிறிஸ்தவ சமயத்தில் சேர்ந்தவர். அவருடைய அழைப்பின்பேரில் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1806-இல் வந்து சேர்ந்தார். அவர் போட்ட சிறு பள்ளிக்கூடங்கள்தாம் தொடக்கம். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் நாகர்கோயிலுக்கு ஜாகையை மாற்றினார். அங்கே ஏற்பட்ட செமினரிதான் பிற்பாடு ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1819-இல் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் வந்தார்கள். பெண் குழந்தைகளைத் தங்கவைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார் இந்த அம்மாள். கூடவே ரேந்தை பின்னவும் கற்றுக் கொடுத்தார். ரேந்தை என்றால் வெளியூர் வாசகர்களுக்கு விளங்காது. நூலால் பின்னும் லேஸ். நாகர்கோயில் ரேந்தைக்குச் சீமையில் நல்ல கிராக்கி இருந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள் ரேந்தை பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களையே விலைக்கு மீட்டுக்கொண்டார்கள். நம் பாடப் புத்தகங்களில் போர்களுக்கு ஒதுக்கிய பக்கங்களில் அரைப் பக்கத்தை இந்தப் பெண்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

ஊசியும் நூலும் பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தன் உடம்புக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்ளத் தோன்றாமல் இருக்குமா? மிஷன் துரைசானிகளும் அதைத்தான் விரும்பினார்கள். அவர்கள் வகுத்துக் கொடுத்த தொளதொளப்பான சட்டைக்குக் ‘குப்பாயம்’ என்று பெயர். சட்டத்திலும் இடம் இருந்தது. ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ 1812-இல் கிறிஸ்தவப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டிருந்தார். அரண்மனை வட்டாரத்தில் ஆட்சேபம் கிளம்பியது. 1814-இல் உத்தரவு திருத்தப்பட்டது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிள்ளைப் பெண்களையும் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை போடக் கூடாது.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாதிக் கதை தெரிந்தவர்கள், ‘மார்பை மறைக்க விடவில்லை, மானத்துக்காகப் போராடினார்கள்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். மானம் மட்டுமே விஷயமாக இருந்திருந்தால் குப்பாயத்தோடு கதை முடிந்திருக்கும். குப்பாயம் கழுத்திலிருந்து இடுப்புவரை மறைக்கிறது. துரைசானிகளுக்குத் திருப்தி. ராஜாங்கத்துக்கும் ஆட்சேபம் இல்லை. திருப்தி இல்லாதவர்கள் அதை உடுத்த பெண்கள்தாம். அவர்கள் குப்பாயத்தின்மேல் தோள்சீலையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தார்கள். மறைப்பதற்கு அந்தத் துணி தேவையே இல்லை. மேல்சாதிப் பெண் போடுகிறாள், நானும் போடுவேன் என்பதுதான் அதன் பொருள். பாதிரிமார்கூட இதை முதலில் முழுவதும் புரிந்துகொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் அடக்கத்தைக் கற்பித்தார்கள். பெண்கள் சமத்துவத்தைக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடங்களில் இப்படி நடப்பது உண்டு. கற்பிக்கிறது ஒன்று, கற்கிறது ஒன்று.

எதிராளிகளுக்கு அந்தப் பொருள் உடனே புரிந்துவிட்டது. 1822-இல் கல்குளம், இரணியல் பக்கங்களில் கலகம் தொடங்கியது. சந்தைக்கு வந்த பெண்களின் துணிகளைக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போய், 1823-இல் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு சந்தைவரை போய்ச் சேருவது எக்காலத்திலும் கஷ்டம். 1827-க்கு மேல் மறுபடி கலகம். ஜெபக்கூடங்களோடு பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். பனையோலைக் கூரையும் மண் சுவரும் கொண்ட கட்டடங்கள். ஒரு பந்தம் போதும். பள்ளிக்கூடத்தை ஏன் கொளுத்த வேண்டும்? அங்கே துணி விற்கவில்லையே! கொளுத்தியவர்கள் விவரம் அறிந்தவர்கள். துணி எங்கே முளைக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1829 பிப்ரவரி 3-ஆம் தேதி ரீஜெண்ட் மகாராணி கௌரி பார்வதி பாய் பிரகடனம் செய்தார். நாடார் பெண்கள் தோள்சீலை போடுவது நியாயமன்று, இனிமேல் போடக் கூடாது, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். சர்க்காருக்குக் கூலியில்லாமல் செய்யும் ஊழியத்தை மற்றவர்களைப் போலவே கிறிஸ்தவர்களும் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. இதே மகாராணிதான் 1817-இல் பிரஜைகளின் கல்விச் செலவை ராஜாங்கமே ஏற்க வேண்டும் என்று கட்டளை பிறப்பித்தவர். அந்தக் காலத்தில் சீமையில்கூட அப்படி ஓர் உத்தரவு இல்லை. படிப்பைத் தாராளமாகக் கொடுத்த அதே கைதான் துணியை மறுத்தது. சரித்திரத்தில் இப்படிப்பட்ட மனிதர்கள்தாம் அதிகம். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டிகளில் போட்டுப் பூட்ட முடிவதில்லை.

இந்த இடைவேளையில் மதம் மாறாமலே தலை நிமிர்ந்தவர் ஒருவர் உண்டு. சாமிதோப்பு வைகுண்ட சுவாமிகள். ஆண்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வழிபட வேண்டும் என்று விதித்தார். மேலானவர் முன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கவேண்டிய சமூகத்துக்கு, கடவுள் முன்னிலையிலேயே கட்டிக்கொண்டு நில் என்று சொன்னார். ஓர் ஆடை விதியை இன்னோர் ஆடை விதியால் முறித்தார் அவர். அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

1858-இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. மத விஷயத்தில் எல்லாப் பிரஜைகளும் சமம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. பெண்கள் மறுபடி தோள்சீலையை எடுத்தார்கள். திவான் மாதவராவ், நம் கும்பகோணத்தில் பிறந்தவர், பெரிய மேதாவி. ஆனாலும் அந்த டிசம்பரில் அவர் 1829-ஆம் வருஷத்து விதி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதை மீறக் கூடாது, யாரும் தடியைக் கையில் எடுக்கவும் கூடாது என்று விளம்பரம் செய்தார். ஊரில் முன்பாதி மட்டும் காதில் விழுந்தது. 1859 ஜனவரியில் நாகர்கோயில் சுற்று வட்டாரத்தில் மறுபடியும் அடியும் தீயும். சென்னைக் கவர்னர் சர் சார்லஸ் டிரெவெலியன் ரெசிடெண்டு கல்லனைக் கடுமையாகக் கண்டித்து எழுதிய பிறகே காரியம் நகர்ந்தது. இந்த டிரெவெலியன், நம் படிப்பின் தலையெழுத்தை எழுதிய மெக்காலேயின் தங்கை கணவர்.

1859 ஜூலை 26-ஆம் தேதி மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் வெளியிட்டார். அதைத்தான் வெற்றி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வாசகத்தைப் பாருங்கள். நாடார் பெண்கள் எந்த மதத்தினராயினும் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம். மீன்காரப் பெண்களான முக்குவத்திகளைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுக்கக் கூடாது! முப்பது வருஷம் கழித்தும் அந்த ஒரு நூலிழையை மட்டும் விட மனம் வரவில்லை. மறைப்பதற்குத் தடை இல்லை, ஒன்றாய்த் தெரிவதற்குத்தான் தடை. தோளைப் பார்த்தால் சாதி தெரிய வேண்டும்.

இந்த மனப்பான்மை அரண்மனைக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. 1850-களின் தொடக்கத்தில் சார்லஸ் மீட், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டபோது முகம் சுளித்தவர்கள் அவருடைய சக மிஷனரிகளே. அவர் மிஷனை விட்டு விலகித் திருவிதாங்கூர் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார். குப்பாயம் வரைக்கும் சமத்துவம், அதற்கு மேல் இல்லை என்பது வெள்ளைத் தோலுக்கும் பொதுவான வியாதி.

அடுத்த கட்டம் நம் எல்லைக்கு மேற்கே, நெய்யாற்றின்கரைப் பக்கம் நடந்தது. சர்க்கார் பள்ளிகளில் புலையர் குழந்தைகளைச் சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தும் கதவு திறக்கவில்லை. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். 1915-இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் புலையர் பெண்கள், சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். அங்கும் பள்ளி, உடை, தீ என்று அதே மூன்றும் வரிசையாக வருகின்றன.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அப்போது முதல் மந்திரி காமராஜ். பிற்பாடு, 1969-இல், நாகர்கோயில்காரர்கள் தங்கள் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்கு அனுப்பியதும் அவரைத்தான். தோள்சீலைக்காக அடிபட்ட சமூகத்தில், கணவாய்க்கு வடக்கே பிறந்தவர். அவருடைய ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த காலத்தில், 1960-இல் பள்ளிகளில் சீருடை வந்தது. பணக்காரன், ஏழை, மேல்சாதி, கீழ்சாதி என்று துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதபடி செய்ய வேண்டும் என்பதே நோக்கம். 1859 பிரகடனத்தின் கடைசி வரிக்கு நூற்றோரு வருஷம் கழித்து வந்த பதில் என்றே நான் இதைப் படிக்கிறேன். பள்ளிக்கூட விதிகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம். பிறந்தநாளன்று வர்ணச் சட்டை போடலாம் என்ற சலுகைக்காக வருஷம் முழுவதும் காத்திருக்கிறார்கள்.

ஆனால் துணி பொல்லாதது. ஒரு வாசலை அடைத்தால் வேறு வாசலில் வருகிறது. ஒரு பள்ளிக்குள் எல்லாரும் ஒரே நிறம், சரி. பள்ளிக்கும் பள்ளிக்கும் நடுவே? கழுத்துப் பட்டையும், பூட்ஸும், புதன்கிழமைக்கு ஒரு தனி உடுப்பும் போட்ட பிள்ளையைப் பார்த்தால் அவன் தகப்பனார் கட்டிய சம்பளம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 1985 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்குச் சர்க்காரே உடுப்பு தைத்துக் கொடுக்கிறது. நல்ல காரியம். அந்த நிறத்தைத் தூரத்தில் பார்த்தே ‘சர்க்கார் பள்ளிப் பிள்ளை’ என்று பஸ்ஸில் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். கைபேசியும் அப்படித்தான். கூடாது என்று விதித்த பள்ளிகளே 2020-இல் நோய்க்காலத்தில் அதன் வழியாகத்தான் பாடம் என்றன. வீட்டில் நல்ல போன் இருக்கிற பிள்ளைக்குப் பாடம். இல்லாத பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில். விதி எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது.

தோள்சீலைக் கதை வெகு நாட்கள் மத்திய சர்க்கார் பாடத்திட்டத்து ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் இருந்தது. சிலர் மனம் புண்படுகிறது என்று புகார் எழுந்தது. 2016 டிசம்பரில் அந்தப் பகுதியிலிருந்து பரீட்சையில் கேள்வி வராது என்று அறிவித்தார்கள். 2019-இல் அந்த அத்தியாயமே புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டது. புண்படுவது பற்றி எனக்கும் அனுதாபம் உண்டு. ஆனால் யார் மனம் என்று கேட்க வேண்டாமா? அடிபட்டவர்களின் சந்ததி நினைக்க வேண்டும் என்கிறது. அடித்தவர்களின் சந்ததிக்கும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, தான் அலுத்துக்கொண்டு மாட்டும் சீருடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய அவசரமும் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலி ரஸ்தாவில் போனால் நாங்குநேரி வரும். 2023 ஆகஸ்டில் அங்கே தாழ்த்தப்பட்ட குலத்து மாணவன் ஒருவனை, அவனுடன் படித்த பள்ளிப் பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. சர்க்கார், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை விசாரித்துச் சொல்லும்படி நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். அதில் மாணவர்கள் வர்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி அணிவதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு சிபாரிசு. பல ஆயிரம் மைல் தள்ளி, அமெரிக்காவில் டெமாய்ன் என்ற ஊரில், 1965-இல் வியத்நாம் யுத்தத்தைக் கண்டித்துக் கையில் கறுப்புப் பட்டை கட்டிய பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது. 1969-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டி, கயிறு கட்டுவதும் பிள்ளைகளின் சுதந்திரம்தானே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அந்தப் பட்டை, கட்டியவனின் அபிப்பிராயத்தைச் சொன்னது. யார் வேண்டுமானாலும் கட்டலாம். இந்தக் கயிறு பிறப்பைச் சொல்லுகிறது. ஒரு சாதிக்கு ஒரு நிறம்; மாற்றிக் கட்டினால் அடி விழும்.

சீருடைக்குள்ளிருந்து வெளியே தெரிவது முகமும் கையும்தான். முகத்தில் எழுத முடியவில்லை. மணிக்கட்டில் இரண்டு அங்குல இடம் இருந்தது. 1859-இல் தோளில் தெரிய வேண்டும் என்று ராஜாங்கம் பிடிவாதம் பிடித்ததை, இப்போது பிள்ளைகள் தாமாகவே ஐந்து ரூபாய்க் கயிறு வாங்கி அங்கே கட்டிக்கொள்கிறார்கள். கையேட்டில் ‘வர்ணக் கயிறு கூடாது’ என்று ஒரு வரி இருக்கிறது. ஏன் கூடாது என்று அடுத்த வரி இல்லை. சென்ற ஜூனில் நான் பார்த்த கையேடுகள் எதிலும் இல்லை.